பின்விளைச் சருகும் வலசைப் பறவைகளும்: உங்கள் வீட்டு அனுபவத்தைச் சொல்லுங்கள்

தக்கலையிலிருந்து:

ஐப்பசி மழை ஓய்ந்ததும் எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் ஒரு வழக்கு எழும். பின்விளையில், அதாவது வீட்டுக்குப் பின்னால் உள்ள தோட்டத்தில், பலாவும் அயினி மரமும் உதிர்த்த சருகை வாரிக் கூட்டித் தீ வைக்க வேண்டும் என்பது மாமியின் கட்சி. கிடந்துவிட்டுப் போகட்டும் என்பது என் கட்சி. “பாம்பு வந்து சுருண்டு கிடந்தால் உன் குருவியா வந்து காப்பாற்றும் மக்களே?” என்பார் மாமி. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் வாரியலை, அதாவது விளக்குமாற்றை, ஒளித்து வைத்துவிடுவேன். எல்லாம் ஆறுமணிக்குருவிக்காகத்தான்.

இமயமலை அடிவாரக் காடுகளிலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் பறவை அது. குளிர்காலத்துக்குத் தெற்கே வந்து நம் பக்கத்திலும் இலங்கையிலும் தங்கிவிட்டு, சித்திரை வாக்கில் திரும்பிப் போகும். விடியும் நேரத்திலும் விளக்கு வைக்கும் நேரத்திலும் இரட்டைச் சீழ்க்கையாகக் குரல் கொடுக்கும். குரல் கேட்டவர்கள் நிறைய. ஆளைப் பார்த்தவர்கள் குறைவு. மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தால் பெரும்பாலும் தென்படாது. பகலெல்லாம் அதற்குத் தரையில்தான் வேலை.

சமையலறை ஜன்னலில் இருந்து பார்க்கிறேன். பலா வேரோரமாக இரண்டு தத்துத் தத்தி நிற்கும். தலையைச் சாய்த்துப் பார்க்கும். ஒரு சருகை அலகால் கவ்வி அப்பால் எறியும், அடுத்ததையும் எறியும். மூன்றாவதன் அடியில் மண்புழு இருந்தால் காலை அகட்டி ஊன்றிக்கொண்டு இழுக்கும். முதுகு பச்சை, தோளில் ஒரு துண்டு நீலம், கண்ணை மறைத்து ஓடும் கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. இத்தனை நிறம் இருந்தும், அது அசையாமல் நின்றுவிட்டால் எங்கே நிற்கிறது என்று தேட வேண்டியிருக்கும்.

பறவைகளுக்கு என்ன வைக்கலாம் என்று பலர் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், ஒன்றும் வைக்க வேண்டாம். மண் உறைந்து பனி மூடும் நாடுகளில் தானியத் தட்டு தொங்கவிடுவதற்குக் காரணம் உண்டு. நம் மார்கழிக்கு ஸ்வெட்டர்கூடத் தேவைப்படுவதில்லை. வருகிற வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை புழு பூச்சி தின்கிறவை. அரிசி போட்டால் காகமும் மைனாவும்தான் வந்து கூட்டம் கூட்டும். சருகை விட்டுவைத்தால் போதும்.

குலசேகரத்திலிருந்து:

அக்கா சொல்வதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டைச் சுற்றி ரப்பர். டிசம்பர் கடைசியில் இலை உதிரத் தொடங்கினால் தை மாதம் தரையே தெரியாது. விடியற்காலையில் பால் வெட்டப் போகும்போது, எனக்கு நாலு மரம் முன்னால் கொடிக்கால் வாலாட்டி நடந்துகொண்டிருக்கும். ஓடைக்கரையில் பார்க்கிற மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழுமாக ஆட்டும். இது பின்பாகத்தோடு சேர்த்துப் பக்கவாட்டில் அசைக்கும். நெஞ்சில் இரண்டு கறுப்பு வளையம். கொரியா, சீனா பக்கமிருந்து வருகிற பறவை, என் ரப்பர் விளையில் பால் பிடிக்கும் சிரட்டைக்கும் சிரட்டைக்கும் நடுவே பூச்சி பொறுக்குகிறது. நெருங்கிப் போனால் சட்டென்று எழும்பி மேல்கிளையில் உட்கார்ந்து, அங்கேயும் கிளை நீளத்துக்கு நடை போடும். நான் அடுத்த மரத்துக்குப் போனதும் இறங்கிவிடும்.

ஒரே வயது ரப்பர் மட்டும் நிற்கிற இடத்தில் வேறு பறவை அதிகம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேலியோரம் நாலு அயினியும் ஒரு நாவலும் விட்டுவைத்திருக்கிறோம். மாங்குயில் அங்கேதான் வருகிறது, ரப்பரை எட்டிப் பார்ப்பதில்லை.

நாகர்கோவிலிலிருந்து:

உங்களுக்கெல்லாம் விளை இருக்கிறது, பேசுகிறீர்கள். எங்கள் வீட்டின் பின்னால் சிமெண்ட் தளம், துணி துவைக்கிற கல், ஒரு முருங்கை, மதிலோரம் செம்பருத்தி. சருகு என்று ஒரு கைப்பிடி தேறாது. அப்படியும் நாணல் கதிர்க்குருவி வந்துவிடுகிறது. செம்பருத்திக்குள் இருந்துகொண்டு பகல் முழுவதும் “டக்… டக்” என்று சத்தம் கொடுக்கும். அடித்துச் சொல்வேன், தவிட்டு நிறத்தில் இருக்கும் அதை முழுதாகப் பார்ப்பதைவிட லாட்டரி விழுவது சுலபம்.

அரசவால் ஈப்பிடிப்பான் அப்படி இல்லை. துவைக்கிற கல்லுக்குப் பின்னால் தண்ணீர் தேங்குகிற இடத்தில் கொசு மொய்க்கும். அதற்காக முருங்கைக் கிளையில் வந்து உட்கார்ந்து, நீள வாலைச் சுழற்றிக்கொண்டு பாயும். எங்கள் வீட்டுக்கு வருவது செம்பழுப்பு நிறம். முழு வெள்ளை ஆண் பறவை இந்தத் தெருவுக்கு இன்னும் வரவில்லை.

ஒரு புரட்டாசி மாதக் காலையில் ஆறுமணிக்குருவி ஒன்று மாடி ஜன்னல் கண்ணாடியில் மோதித் தரையில் கிடந்தது. இரவில் வலசை வருகிற பறவை, களைத்துப் போய் வீட்டுக்குள்ளேயே நுழைவதும் உண்டு என்கிறார்கள். காகங்கள் அதற்குள் மதிலில் வந்து அமர்ந்துவிட்டன. அண்ணன் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் துளை போட்டுத் துணி விரித்து, அதை உள்ளே வைத்து இருட்டான மூலையில் வைத்தோம். பக்கத்து வீட்டு மாமி டம்ளரில் தண்ணீரோடு வந்தார். வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும் என்று தடுத்துவிட்டோம். பெட்டிக்குள் கால் பிராண்டுகிற சத்தம் கேட்டதும் புதர்ப் பக்கமாகத் திறந்துவிட்டோம். தாழ்வாகப் பறந்து வாழைக்கூட்டத்துக்குள் போய்விட்டது. இப்போது அந்தக் கண்ணாடிக்கு வெளியே பழைய கொசுவலை கட்டியிருக்கிறோம்.

தேரூரிலிருந்து:

எங்கள் ஊரில் தலைகீழ். சுசீந்திரம் தேரூர் குளத்துக்கு 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலை என்ற ராம்சார் தகுதி கிடைத்தது முதல், கேமராவோடு வருகிறவர்கள் எல்லாம் நேரே தண்ணீரைத்தான் பார்க்கிறார்கள். ஊசிவால் வாத்தைப் பார்க்க வருகிறவரிடம் எங்கள் வீட்டுக் கரண்டுக் கம்பியில் நீலவால் பஞ்சுருட்டான் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது என்று சொன்னால், தலையாட்டிவிட்டு நடையைக் கட்டுகிறார். தும்பியைப் பிடித்துக்கொண்டு வந்து அதே கம்பியில் அடித்து அடித்து விழுங்குவதை நான் திண்ணையில் இருந்தே பார்க்கிறேன். தக்கலை அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டும். பாம்பு விஷயத்தில் மாமியை எப்படிச் சமாதானம் செய்தீர்கள்?

தக்கலையிலிருந்து:

சமாதானம் எங்கே ஆனது, பாகப்பிரிவினைதான் ஆகியிருக்கிறது! வீட்டுச் சுவர், கிணற்றடி, நடைபாதை மூன்றும் மாமியின் பங்கு. அங்கே ஒரு சருகு கிடக்கக் கூடாது. பலா மூட்டிலிருந்து, அதாவது மரத்தடியிலிருந்து, வேலி வரை என் பங்கு. அந்தப் பக்கம் ராத்திரி டார்ச் இல்லாமல் யாரும் போகக் கூடாது, பிள்ளைகள் வெறுங்காலோடு விளையாடக் கூடாது. எரிப்பது மட்டும் இரண்டு பங்கிலும் கிடையாது. மாமி வாருவதெல்லாம் தென்னை மூட்டுக்குப் போகிறது.

இன்னொன்று. 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். குளத்துக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. பின்வாசலில் கால்மணி நேரம் இருந்து, பார்த்ததை எல்லாம், காகம் உட்பட, ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிந்தால் அதுவும் கணக்குத்தான். நாகர்கோவில்காரர்கள் கவலைப்பட வேண்டாம், செம்பருத்திக்குள் இருக்கிற கதிர்க்குருவியைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்பதில்லை. குரல் அடையாளம் உறுதியாகத் தெரிந்தால் பதியலாம்.