ஷேர் பண்ணின ஆபீஸ் பிரிண்டரில் தமிழ் ஃபான்ட் உடைகிறது

எல்லைக்காரன்:
கேரளாவில் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பால் சங்கத்தில் வேலை பார்க்கிறேன். ஐந்து கம்ப்யூட்டருக்கும் ஒரே லேசர் பிரிண்டர், முன் அறை கம்ப்யூட்டரில் மாட்டி ஷேர் பண்ணியிருக்கிறது. இங்கே எந்த நோட்டீஸ் ஆனாலும் தமிழிலும் மலையாளத்திலும் போட வேண்டும். பழைய ஃபைல்கள் தமிழுக்குப் பாமினி, மலையாளத்துக்கு எம்எல் கார்த்திகா என்ற ஃபான்ட்களில் இருக்கின்றன, புதிய தமிழ் ஃபைல்கள் லதா ஃபான்ட்டில். பாமினி ஃபைலைப் பென் டிரைவில் கொண்டுபோய் முன் அறையில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். என் கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பினால் திரையில் சரி, தாளில் தப்பு. உறுப்பினர் பட்டியலில் பெயர்கள் கலைந்து வந்தால் வயசானவர்கள் மனசு கஷ்டப்படுகிறார்கள். பிரிண்டருக்குள்ளேயே தமிழ் ஃபான்ட் ஏற்றிவிட முடியுமா?

பாலக்காடு சர்வீஸ்:
பிரிண்டருக்குள் ஏற்ற வேண்டாம், அது தேவையே இல்லை. எழுத்தை அனுப்புவது உங்கள் கம்ப்யூட்டர்தான். நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிப் பிரச்சினை. பாமினி யுனிகோடு (எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் பொது முறை) கிடையாது, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த ஃபான்ட், புள்ளிக்கு அரைப்புள்ளிச் சாவி. அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர் அடியில் இருக்கும் ஆங்கிலத்தைத்தான் காட்டும். தாளில் மட்டும் தப்பு என்றால் டிரைவரை, அதாவது பிரிண்டரை இயக்கும் மென்பொருளைப் பாருங்கள்: பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, அதில் ட்ரூடைப் ஃபான்ட் என்ற இடத்தில் 'சப்ஸ்டிட்யூட் வித் டிவைஸ் ஃபான்ட்' இருந்தால் 'டவுன்லோட் அஸ் சாஃப்ட் ஃபான்ட்' ஆக்குங்கள். எல்லா டிரைவரிலும் இந்த வரி இருக்காது. இல்லையென்றால் பிடிஎஃப் ஆக்கி, அடோபி ரீடரில் பிரிண்ட் கொடுக்கும்போது அட்வான்ஸ்டில் 'பிரிண்ட் அஸ் இமேஜ்' டிக் பண்ணுங்கள், கொஞ்சம் மெதுவாக வரும், ஆனால் எழுத்து உடையாது.

கணினிக்கடை சித்தூர்:
அண்ணா சொன்னதோடு ஒன்று. விண்டோஸ் 10-ல் ஃபான்ட் ஃபைலை வலது கிளிக் பண்ணி சும்மா இன்ஸ்டால் கொடுத்தால் அந்த ஒரு லாகினுக்கு மட்டும்தான் போகும். முன் அறையில் ஷிஃப்டுக்கு ஆள் மாறினால் ஃபான்ட் காணாமல் போன மாதிரி இருக்கும். 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' கொடுங்கள், அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். பிடிஎஃப் ஃபைலில் பிராப்பர்ட்டீஸ், ஃபான்ட்ஸ் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு ஃபான்ட் பக்கத்திலும் 'எம்பெடட்' (ஃபான்ட் அந்த ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது) என்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதை வேறு கம்ப்யூட்டரில் நம்பாதீர்கள்.

மலைச்சாரல்:
இதெல்லாம் இன்றைக்கு வேலை நடக்க. ஆனால் பாமினியை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் இழுப்பது? என்எச்எம் கன்வர்ட்டர் என்ற மென்பொருளில் தமிழை யுனிகோடுக்கு மாற்றுங்கள், மலையாளத்துக்கு அதேபோல் பய்யன்ஸ் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: எம்எல் கார்த்திகா பழைய ஃபான்ட், விண்டோஸில் வரும் கார்த்திகா யுனிகோடு, பெயர் ஒன்றுபோல் இருப்பதால் மாற்றிப் போட்டுவிட்டால் மலையாளம் மொத்தமும் குழம்பும். அப்புறம் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே ஜோடி: தமிழுக்கு மீரா இனிமை, மலையாளத்துக்கு மஞ்சரி. இரண்டும் ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற தன்னார்வக் குழு வெளியிட்டவை, இலவசம், எத்தனை கம்ப்யூட்டரிலும் போடலாம்.

எல்லைக்காரன்:
நன்றி, எல்லாருக்கும். டிரைவரில் அந்த வரி சப்ஸ்டிட்யூட் என்றுதான் இருந்தது, மாற்றியதும் தாளில் சரியாக வந்துவிட்டது. பழைய ஃபைல்களை மாற்றிய பிறகு எதை வைத்துச் சரிபார்ப்பது? முழுவதும் வாசிக்க ஆள் இல்லை.

மலைச்சாரல்:
ஒரே தாள் அடியுங்கள். தமிழில் கொ, பௌ, ஸ்ரீ, க்ஷ வருகிற பெயர்கள், மலையாளத்தில் சில்லெழுத்து (நம் ன், ர், ல் போல உயிர் சேராத மெய்க்குத் தனி வடிவம்) வருகிற பெயர்கள். சில்லெழுத்துகளுக்குத் தனி இடம் யுனிகோடு 5.1-ல், 2008-ல்தான் வந்தது, அதற்கு முந்தைய ஃபான்ட்டாக இருந்தால் அங்கே கட்டம் விழும். கொம்பு தனியாகப் புள்ளிவட்டத்தோடு நின்றால் மாற்றம் சரியாக நடக்கவில்லை. தாளை மலையாளம் வாசிக்கிற ஒரு சேட்டனிடமும் காட்டிவிட்டு, அப்புறம் மொத்தத்தையும் மாற்றுங்கள். பழைய ஃபைல்களின் நகலை மட்டும் அழித்துவிடாதீர்கள்.