57 செ.மீ. கெட்டிலுக்கு நானே செய்த ரொட்டிசரி வளையம்: சூடு அடங்கவில்லை, சனிக்கிழமைக்குள் உதவி தேவை

பரமட்டா_வாசி | வியாழன் இரவு 10.12
வணக்கம். என் கரி கெட்டிலுக்கு (மூடி போட்ட உருண்டைக் கரி அடுப்பு) ரொட்டிசரி வளையம் நானே செய்தேன். கோழி குத்திய கம்பியை மோட்டார் சுழற்ற, கிண்ணத்துக்கும் மூடிக்கும் நடுவில் வைக்கும் வளையம் அது. கடையில் கேட்ட விலை கட்டுப்படியாகவில்லை. தகடு, ரிவெட், போல்ட் எல்லாம் கராஜிலேயே கிடந்தன. நேற்று முதல் முறையாகக் கோழி போட்டுப் பார்த்தேன். கீழே உள்ள காற்றுத் துவாரத்தை முக்கால்வாசி அடைத்தும் மூடியில் உள்ள வெப்பமானி 270 டிகிரியை விட்டு இறங்கவே இல்லை. 40 நிமிடத்தில் தோல் கரிக்கட்டை. தொடையை வெட்டினால் எலும்பை ஒட்டி இரத்தம். சனிக்கிழமை மகளுக்குப் பிறந்தநாள், 20 பேர் வருகிறார்கள். எங்கே தவறு? சீக்கிரம் சொல்லுங்கள்.

கரிவாளி | 10.31
என்ன கரி, எவ்வளவு, கிண்ணத்தில் எங்கே கொட்டினீர்கள்? கோழி என்ன எடை, ஒன்றா இரண்டா? இதெல்லாம் சொல்லாமல் எப்படி அண்ணா பதில் சொல்வது?

கம்பித்தராசு | 10.40
எனக்கு மோட்டார் மேல்தான் சந்தேகம். கோழி கம்பியில் நடுவாக நிற்காவிட்டால் கனமான பக்கம் மேலே ஏறும்போது மோட்டார் திணறும், கீழே இறங்கும்போது சர்ரென்று விழும். ஒரே பக்கம் தீயை அதிக நேரம் பார்த்துக்கொண்டிருக்கும். கோழியைக் குத்திய பிறகு கம்பியின் இரு முனைகளையும் உள்ளங்கைகளில் ஏந்திப் பாருங்கள். எந்தப் பக்கம் தானாகக் கீழே திரும்புகிறதோ அதுதான் கனம். அதற்கு எதிர்ப்பக்கம் எடையைக் கட்டுங்கள். காலையும் இறக்கையையும் பருத்தி நூலால் இறுக்கிக் கட்டினீர்களா? கருகியது ஒரு பக்கமா, சுற்றிலுமா?

பழைய_கெட்டில் | 10.58
இந்தக் கேள்வி இங்கே பல முறை வந்தாகிவிட்டது. கேட்பதற்கு முன் ஐந்து நிமிடம் தேடியிருக்கலாம். சரி, அடிப்படையிலிருந்தே சொல்கிறேன். கெட்டில் என்றால் மூடிதான். 1952-ல் சிகாகோவில், உலோக மிதவைகள் செய்த வெபர் பிரதர்ஸ் பட்டறையில் இருந்த ஜார்ஜ் ஸ்டீபன் ஒரு மிதவையைப் பாதியாக வெட்டித்தான் இதைச் செய்தார். கிண்ணமும் மூடியும் ஒட்டி உட்கார்வதால்தான் துவாரங்களை வைத்துத் தீயை அடக்க முடிகிறது. நீங்கள் நடுவில் ஒரு வளையத்தைச் செருகி, ஒட்டும் இடத்தை இரண்டாக்கியிருக்கிறீர்கள். இரண்டும் சரியாக உட்காராவிட்டால் கீழ்த் துவாரத்தை மூடுவதில் பயனே இல்லை. பட்டையை எத்தனை செ.மீ. வெட்டினீர்கள்?

பரமட்டா_வாசி | 11.20
180 செ.மீ. நீளம், 15 அகலம். முனைகளை 3 செ.மீ. ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ரிவெட் அடித்தேன். உள்பக்கம் நான்கு போல்ட், அவற்றின் மேல்தான் வளையம் கிண்ணத்தில் தொங்குகிறது. கொஞ்சம் ஆடும். கோழி இரண்டு. கருகியது சுற்றிலும்தான்.

பழைய_கெட்டில் | 11.34
பிடிபட்டது. 57-ஐ 3.14-ஆல் பெருக்கினால் 179. உங்களுடையது 180-இல் 3 போக 177, அதாவது குறுக்களவு 56.3 செ.மீ. சுற்றிலும் 3 மி.மீ. சந்து இருக்கும். பார்வைக்கு நூல் மாதிரிதான் தெரியும். ஆனால் 179 செ.மீ. நீளத்துக்குக் கணக்குப் போட்டால் 50 சதுர செ.மீ.க்கு மேல் வருகிறது, உங்கள் உள்ளங்கை அளவு ஓட்டை. 179-உடன் ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கும் 3-ஐயும் சேர்த்து 182 வெட்டியிருக்க வேண்டும். அளந்து வெட்டுவது பட்டறை வேலையின் முதல் பாடம்.

மெல்பர்ன்_அக்கா | 11.41
பாவம், பிள்ளைக்காகச் செய்கிறார், கொஞ்சம் மெதுவாகச் சொல்லலாமே. தம்பி, மசாலாவில் என்ன சேர்த்தீர்கள்? தேனோ சர்க்கரையோ இருந்தால் அந்தச் சூட்டில் முதல் 20 நிமிடத்திலேயே கருக்கத் தொடங்கிவிடும்.

பரமட்டா_வாசி | 11.47
தயிர், எலுமிச்சை, மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு. தேன் மூன்று கரண்டி அக்கா.

மெல்பர்ன்_அக்கா | 11.52
தேனை எடுத்து வையுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் தூரிகையால் தடவினால் போதும், பளபளவென்று வரும். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

வெல்டிங்_பெர்த் | வெள்ளி காலை 6.05
யாரும் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். அது என்ன தகடு? காந்தம் ஒட்டுகிறதா? பளபளப்பில் பூப்பூவாகத் தெரிகிறதா?

பரமட்டா_வாசி | 7.10
கூரை வேலையில் மிஞ்சிய ஜி.ஐ. தகடு, துத்தநாகம் பூசிய இரும்பு. ஆமாம், பூப்பூவாகத்தான் இருக்கிறது. வேலைக்குக் கிளம்புகிறேன்.

வெல்டிங்_பெர்த் | 7.16
அதைக் கழற்றிவிடுங்கள். ஜி.ஐ. குழாயை வெல்டிங் செய்துவிட்டு மாலையில் பல் கிட்டிப்போகும் குளிர்க் காய்ச்சலில் நான் படுத்திருக்கிறேன். எல்லாம் துத்தநாகப் புகை. அதைக் கோழிக்குப் பக்கத்தில் வைக்க மனம் வராது.

கரிவாளி | 7.40
அண்ணா, வெல்டிங் சூடு வேறு, கெட்டில் சூடு வேறு. துத்தநாகம் உருகுவதே 419 டிகிரியில், கொதிப்பது 907-இல். வளையம் 270-இல் நிற்கிறது. புகை எங்கிருந்து வரும்?

வெல்டிங்_பெர்த் | 7.52
270 என்பது மூடிக்குள் இருக்கும் காற்றின் சூடு. கரி தகட்டைத் தொட்டுக்கொண்டு கனன்றால் அந்த இடத்தின் சூடு வேறு கணக்கு. சுமார் 200-க்கு மேல் தொடர்ந்து சூடானாலே அந்தப் பூச்சு உரியத் தொடங்கும். பூச்சுக்கு அமிலமும் ஆகாது. இவர் தயிரும் எலுமிச்சையும் சொட்ட விடுகிறார். ஏன் இந்த வம்பு?

கரிவாளி | 8.03
கரி கிண்ணத்தின் அடியில் கிடக்கிறது, வளையம் அதற்கு மேலே இருக்கிறது. எப்படித் தொடும்? வெள்ளை வினிகரில் ஊறவைத்தால் பூச்சு கரைந்துவிடும், பிறகு இரும்புதான். திறந்த வெளியில், பக்கத்தில் நெருப்பு இல்லாமல் செய்ய வேண்டும். குமிழ் விடுவது ஹைட்ரஜன்.

வெல்டிங்_பெர்த் | 8.11
180 செ.மீ. பட்டையை எந்தப் பாத்திரத்தில் ஊறவைப்பது? மிச்சம் இருக்குமோ என்ற பயம் வேறு. 1.2 மி.மீ. சாதா இரும்புத் தகட்டை வாங்கி எண்ணெய் தடவிப் பழக்கினால் தோசைக்கல் மாதிரி கறுத்துவிடும், துருவும் பிடிக்காது. வசதி இருந்தால் 304 ஸ்டெயின்லெஸ். அதில் காந்தம் அனேகமாக ஒட்டாது. 430 ரக ஸ்டெயின்லெஸ் என்றால் ஒட்டும், அதுவும் பரவாயில்லை.

பழைய_கெட்டில் | 8.30
இரண்டு பேரும் தகட்டிலேயே நிற்கிறீர்கள். கேட்டவருக்குக் கையில் ஒரு நாள்தான் இருக்கிறது. சந்து எங்கே என்று முதலில் பார்க்கட்டும். இருட்டிய பிறகு எரியும் டார்ச்சைக் கிண்ணத்துக்குள் வைத்து, வளையம், மூடி, கம்பி எல்லாம் பொருத்திவிட்டுச் சுற்றி வாருங்கள். வெளிச்சம் கசிகிற இடமெல்லாம் காற்று நுழைகிற இடம். கம்பி நுழையும் பள்ளத்தையும் விடாமல் பாருங்கள். விறகுக் கணப்புக் கதவுக்கு வைக்கும் கண்ணாடியிழைக் கயிறு, 10 மி.மீ., ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். அதை வெளிப்பக்கமாக அழுத்திச் சுற்றினால் சனிக்கிழமைக்குத் தாங்கும். இழை உதிரும், உணவுப் பக்கம் போகவே கூடாது.

கம்பித்தராசு | 8.44
சிவப்பு சிலிக்கான் பசை பூசினால் ஆகாதா?

பழைய_கெட்டில் | 8.49
270 காட்டுகிற அடுப்புக்கு வேண்டாம். குழாயில் அச்சிட்டிருக்கும் வெப்ப அளவைப் படித்துவிட்டு வாருங்கள்.

கரிவாளி | பகல் 12.20
அண்ணா, முதல் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. கரி எங்கே?

பரமட்டா_வாசி | 12.41
நடுவில்தான், கோழிக்கு நேர் கீழே. கிட்ஜி என்ற ஆஸ்திரேலிய மரத்தின் கரி, கரி மூட்டும் சிம்னிக் குவளை ஒன்று நிறைய. கடைகளில் அப்படித்தானே சுடுகிறார்கள்?

கரிவாளி | 12.55
கடையில் மூடி கிடையாது. ஒருவர் எதிரிலேயே நின்று கம்பியை ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பார். உங்களுக்கு மூடி இருக்கிறது, கொழுப்பு நேராகக் கனலில் சொட்டுகிறது, மூடியைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் பக்கென்று தீ எழும்பும். சுற்றிலும் கருகி உள்ளே வேகாததற்கு முதல் காரணம் இதுதான். கரியை இரண்டாகப் பிரித்து இடமும் வலமும் ஒதுக்குங்கள், நடுவில் ஒரு அலுமினியத் தட்டில் கொஞ்சம் தண்ணீர். கிட்ஜி கடினமான மரம், சூடு அதிகம். புதிதாகச் செய்பவருக்கு வார்ப்புக் கரி (தூளை அச்சில் அழுத்திச் செய்த துண்டுகள்) நல்லது, பக்கத்துக்கு 25 துண்டு. 1.6 கிலோ கோழி 200 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். மூடியின் வெப்பமானியை நம்பாதீர்கள், வளையத்தால் அது 15 செ.மீ. மேலே போய்விட்டது. தொடையின் தடித்த இடத்தில் குத்துமானி (இறைச்சியில் குத்திப் பார்க்கும் வெப்பமானி) 75 டிகிரி காட்டினால் இறக்குங்கள்.

மெல்பர்ன்_அக்கா | 1.10
இன்னொன்று. நாளை உங்கள் பகுதிக்கு முழுத் தீத்தடை அறிவித்திருக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள். அன்றைக்கு வெளியில் கரி மூட்டக் கூடாது, கேஸ் அடுப்புக்கு மட்டும் நிபந்தனைகளோடு விலக்கு உண்டு.

பழைய_கெட்டில் | 1.32
கரியைப் பிரிப்பது சரி, ஆனால் காற்று அடங்காமல் அது மட்டும் போதாது. என் கணக்கு தவறு என்று யாரும் இதுவரை காட்டவில்லை.

கரிவாளி | 1.40
தவறு என்று நான் சொல்லவே இல்லையே.

பரமட்டா_வாசி | ஞாயிறு இரவு 9.26
எல்லோருக்கும் நன்றி. வெள்ளி இரவு டார்ச் வைத்துப் பார்த்தேன். ரிவெட் அடித்த பக்கம் கீற்றுப் போல, மோட்டார் பக்கம் ஒரு விரலே போகும். கயிறு சுற்றினேன். கரி இரண்டு பக்கம், நடுவில் தட்டு. வெப்பமானி 210-க்கு இறங்கி அங்கேயே நின்றது. முதல் ஜோடிக்கு 70 நிமிடம், தொடையில் 77. தேன் கடைசியில்தான் தடவினேன் அக்கா. மகள் கோழிக் காலை எனக்குத் தராமல் தானே தின்றாள்.

வெல்டிங்_பெர்த் | 9.40
சந்தோஷம். தகட்டை மாற்றினீர்களா?

வெல்டிங்_பெர்த் | புதன் காலை 6.20
தகடு என்ன ஆயிற்று தம்பி? பெர்த்தில் இருந்தாலும் பட்டையை வெட்டி, வளைத்து அனுப்ப என்னால் முடியும். 182 செ.மீ. தானே?