புதுப்பிப்பு: புல்வெட்டும் வண்டி மேடேறிவிட்டது

பழையதாக வாங்கிய புல்வெட்டும் வண்டி மேட்டில் ஏற மறுக்கிறது, ரப்பர் கருகும் வாடை வருகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பெல்ட் மட்டும் காரணமல்ல! ஸ்பார்க் பிளக் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு, அடியில் படுத்துப் பார்த்தேன். பெல்ட்டின் பக்கவாட்டு கண்ணாடிபோல் பளபளத்தது. வழுக்கி வழுக்கித் தேய்ந்ததன் அடையாளம் அது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் ஐட்லர் புல்லியைக் கையால் சுற்றினேன். கரகரவென்று அரைச் சுற்றிலேயே நின்றது. பேரிங் போய்விட்டது. அதை அப்படியே விட்டிருந்தால் புதுப் பெல்ட்டும் கருகியிருக்கும். இரண்டையும் மாற்றினேன். முதல் முறை பெல்ட்டை, அது நழுவாமல் காக்கும் தடுப்புக் கம்பிக்கு வெளியே மாட்டிவிட்டேன். கழற்றும் முன் எடுத்த படம்தான் காப்பாற்றியது. தயவுசெய்து நீங்களும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நேற்று அதே மேட்டில் வண்டி திணறாமல் ஏறியது. வாடையும் இல்லை.