காற்றடித்தால் சோலார் பேனல் தானாகத் திரும்புகிறது, எந்த கியர் மோட்டார் போடலாம்?

கட்டபெட்டுக்காரன்:
கோத்தகிரி பக்கம் தேயிலைச் சரிவில் வீடு. 540 வாட் பேனல் இரண்டை ஒரே குழாயில் மாட்டி, கிழக்கிலிருந்து மேற்கே சூரியனோடு திரும்ப வைத்திருக்கிறேன். பழைய லாரி வைப்பர் மோட்டார், 12 வோல்ட், அதிலிருந்து சங்கிலி. வெயில் நாளில் ஒழுங்காக ஓடுகிறது. காற்று பலமாக வீசினால் பேனல் முன்னும் பின்னும் ஆடுகிறது, சில நேரம் சங்கிலி பல் தாவி கோணமே மாறிவிடுகிறது, இப்போது மோட்டாருக்குள் கடகடவென்று சத்தம் வேறு. கடையில் 100 வாட் மோட்டார் போடச் சொல்கிறார்கள். நிற்குமா?

கோவை ஃபிட்டர்:
வாட்டை விடுங்க. சூரியன் மணிக்கு 15 டிகிரிதான் நகர்கிறது, அந்த வேகத்துக்குக் கணக்குப்படி ஒரு வாட்கூட வேண்டாம். கஷ்டம் திருப்புவதில் இல்லை, பிடித்து நிறுத்துவதில்தான். 90 கி.மீ. காற்றுக்கு உங்கள் உயரத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 30 கிலோ அழுத்தம், இரண்டு பேனலுக்கும் சேர்த்து 160 கிலோ. அது அச்சிலிருந்து 15 செ.மீ. விலகி விழுந்தாலே குழாயை முறுக்கும் விசை 235 நியூட்டன் மீட்டர். வைப்பர் மோட்டாருக்குள் வார்ம் கியர், அதாவது திருகு மாதிரி தண்டு ஒரு பல்சக்கரத்தைச் சுழற்றும் அமைப்பு, இருக்கிறது, ஆனால் பல மாடல்களில் அதன் பல்சக்கரம் பிளாஸ்டிக். சத்தம் அங்கிருந்துதான் வரும், திறந்து பாருங்க.

கட்டபெட்டுக்காரன்:
திறந்தேன் சார், பல் தேய்ந்துதான் இருக்கிறது. அப்போ 60:1 வார்ம் கியர் பாக்ஸை நேராகக் குழாயிலேயே மாட்டிவிடலாமா?

கோவை ஃபிட்டர்:
மாட்டலாம், சங்கிலி ஆட்டமும் போய்விடும். மோட்டார் 60 சுற்று சுற்றினால் குழாய் ஒரு சுற்று, அந்த விகிதத்தில் காற்று தள்ளினாலும் பெரும்பாலும் பின்னால் சுழலாது, ஆனாலும் தொடர்ந்து அதிர்ந்தால் மெல்ல நழுவும். பட்ஜெட் குறைவு என்றால் என் ஓட்டு லீனியர் ஆக்சுவேட்டருக்கு, அதாவது மோட்டாரால் நேராக நீண்டு சுருங்கும் தண்டுக்கு. பழைய பெரிய டிஷ் ஆன்டெனாவைத் திருப்ப வைத்திருப்பார்களே, அதே சரக்குதான். அச்சிலிருந்து 40 செ.மீ. தள்ளிப் பிடித்தால் 60 கிலோதான் வரும், இருபுறமும் 45 டிகிரி திரும்ப 24 அங்குல நீட்டம் போதும். தள்ளும் விசையையும் நிற்கும்போது தாங்கும் விசையையும் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள், வாங்கும்போது இரண்டாவதைப் பாருங்க, 150 கிலோவுக்குக் குறையக் கூடாது.

பூம்பாறை வாசி:
நான் கொடைக்கானல் பக்கம். மூடுபனி நாளில் ஒளி எல்லாத் திசையிலிருந்தும்தான் வரும், சூரியனைத் துரத்தும் இந்த டிராக்கர் அலைவது வீண், மட்டமாகப் படுக்க வைத்துவிடுங்க தம்பி. அந்தக் காசுக்கு மூன்றாவது பேனல் வாங்கலாம் என்பேன்.

கட்டபெட்டுக்காரன்:
இடம் இல்லைங்க அண்ணா, இருக்கிறதே ஒரு படிக்கட்டு நிலம்.

கோவை ஃபிட்டர்:
சரி, அப்போ ஆக்சுவேட்டர்தான். தண்டு நீளும் முனை கீழே பார்க்கட்டும், இல்லையென்றால் சீல் வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும். சரிவில் காற்று கீழிருந்து ஏறி வரும், மட்டமாக வைத்தாலும் தூக்கும், அதனால் மழைக்காலத்துக்குக் குழாயில் துளை போட்டு ஒரு பூட்டுப் பின் செருகுங்க. பின்னை எடுக்காமல் மோட்டார் ஓடாதபடி ஒரு லிமிட் ஸ்விட்சும் வேண்டும்.