ப்ரோ டூல்ஸுக்கு ஆண்டுச் சந்தா கட்டுவதா, மொத்தப் பணம் கொடுத்து மேம்படுத்துவதா? அவசரம்

தம்புரா_அறை:
அனைவருக்கும் வணக்கம். ப்ரோ டூல்ஸ் என்ற இசைப்பதிவு மென்பொருளுக்குப் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய நிரந்தர உரிமம் என்னிடம் இருக்கிறது. இப்போது புதிய பதிப்புக்கு மாற வேண்டிய கட்டாயம். ஆண்டுச் சந்தா நல்லதா, மொத்தமாகப் பணம் கட்டி நிரந்தர உரிமம் எடுப்பது நல்லதா? தள்ளுபடி இன்றிரவோடு முடிகிறது. விரைவாகச் சொல்லுங்கள்.

கடம்88:
உங்களிடம் இருப்பது எந்தப் பதிப்பு, எந்தக் கணினி, இது வருமானத்துக்கான வேலையா? அந்தக் கட்டாயம் எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதுங்கள். இவை தெரியாமல் சொல்லப்படும் எந்தப் பதிலும் ஊகமாகத்தான் இருக்கும்.

நாதத்துளி:
என் கருத்தில் இரண்டுமே வேண்டாம், ரீப்பர் என்ற மென்பொருளுக்கு மாறிவிடுங்கள். சொந்தப் பயன்பாட்டுக்கும் சிறு வருமானக்காரர்களுக்கும் 60 டாலர்தான். அந்த ஓர் உரிமமே இரண்டு முதன்மைப் பதிப்புகளுக்குச் செல்லும், அதற்கு முன் 60 நாள் முழுமையாகச் சோதித்தும் பார்க்கலாம். எஃப்எல் ஸ்டுடியோவும் ஒருமுறை வாங்கினால் வாழ்நாள் முழுவதும் புதுப்பிப்புகளை இலவசமாகவே தருகிறது.

ஒலிச்சிற்பி:
தம்பி, இவ்வளவு பணம் செலவிடப் போகிறவர் தம் தேவையை இரண்டு வரியில்கூட எழுதாமல் முடிவை மட்டும் எங்களிடம் கேட்பது சரியான முறையன்று. இதே கேள்விக்கு இங்கே பலமுறை விளக்கம் எழுதியிருக்கிறேன், தேடிப் படித்திருக்கலாம். வாடிக்கையாளருக்கு வேலை செய்பவர் சந்தா கட்டுகிறார், பொழுதுபோக்குக்குச் செய்பவர் நிரந்தர உரிமம் வாங்குகிறார். இதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை.

தம்புரா_அறை:
மன்னிக்கவும். 2018-ஆம் ஆண்டுப் பதிப்பு, விண்டோஸ் 10. ஒரு படத்தின் பின்னணி இசைக்காக, மிக்ஸிங் செய்யும் அண்ணன் புதிய பதிப்பில் செஷன் (எல்லா ட்ராக்குகளும் அடங்கிய வேலைக் கோப்பு) அனுப்புகிறார்.

கடம்88:
இப்போது பேசலாம். ப்ரோ டூல்ஸ் 10 முதல் செஷன் கோப்பின் வடிவம் பிடிஎக்ஸ்தான் என்பதால், அவர் அனுப்புவது உங்களிடம் திறக்கவே திறக்காது என்று முடிவு கட்ட வேண்டாம். 2020-இல் வந்த, பல ட்ராக்குகளை ஒன்றாக அடக்கும் ஃபோல்டர் ட்ராக் போன்றவற்றை உங்கள் பதிப்பு அறியாது. உங்களிடம் இல்லாத ப்ளகின்களும் (துணை மென்பொருள்கள்) வேலை செய்யா. முதலில் படத்தின் ஒரு ரீலை (ஒரு பகுதியை) வாங்கித் திறந்து பாருங்கள்.

கணக்கு என்று பார்த்தால், 2022-இன் இறுதியில் நிரந்தர உரிமம் மீண்டும் விற்பனைக்கு வந்தபோது ஸ்டுடியோ பதிப்புக்கு 599 டாலர், ஆண்டுச் சந்தா 299 டாலர். இரண்டு ஆண்டுச் சந்தாவில் ஏறத்தாழ அந்த விலை வந்துவிடும். ஆனால் நிரந்தர உரிமத்தோடு வரும் புதுப்பிப்புகள் ஓராண்டுக்கு மட்டுமே. அதன் பிறகு அந்தப் பதிப்பு தொடர்ந்து ஓடும், புதியவை வேண்டுமானால் தனியாகப் பணம் கட்ட வேண்டும். சந்தாவிலோ, கட்டுவதை நிறுத்திய பின் உங்கள் செஷனையே உங்களால் முழுமையாகத் திறக்க முடியாது. இலவசமான இன்ட்ரோ பதிப்பில் ஆடியோ ட்ராக் 8 மட்டுமே. பின்னணி இசைக்கு அது எந்த மூலைக்கும் போதாது.

வீணைத்தந்தி:
இந்திய அட்டையில் கட்டுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, தானாகக் கழிக்கப்படும் தொகை 15,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவை. 299 டாலர் அதைத் தாண்டிவிடுகிறது. மேலே 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேரும். வேறொரு மென்பொருளுக்கு எனக்குப் புதுப்பித்தல் தோல்வியடைந்த செய்தி, பாடலை ஒப்படைக்க வேண்டிய நாளின் காலையில்தான் வந்தது. தானியங்கிப் புதுப்பித்தலை நம்பாமல், முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாதத்துளி:
சந்தா என்பதே இசைக்கலைஞரைக் கட்டிப்போடும் ஏற்பாடு. 2023 மார்ச்சில் ப்ளகின்கள் விற்கும் வேவ்ஸ் நிறுவனம் நிரந்தர உரிம விற்பனையை நிறுத்துவதாக அறிவித்ததும் எழுந்த எதிர்ப்பில், சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. வாங்கியது நம் கையில் இருக்க வேண்டும் என்பதே எல்லோருடைய விருப்பமும்.

ஒலிச்சிற்பி:
கையில் என்ன இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? ஸ்டைன்பெர்க் நிறுவனத்தின் உரிமச் சரிபார்ப்புச் சேவையான இ-லைசென்சர் 2025 மே மாதத்தோடு நிறுத்தப்பட்டது. அதன் டாங்கிளில் (உரிமத்தைத் தாங்கும் யூஎஸ்பி சாவி) முழு விலை கொடுத்து வாங்கிய அவர்களின் பழைய இசை மென்பொருளான க்யூபேஸை இனிப் புதிதாக ஆக்டிவேட் செய்ய வழியில்லை. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டியவர்தான் அதில் அதிகம் இழக்கிறார்.

நாதத்துளி:
ஏற்கெனவே ஆக்டிவேட் செய்த டாங்கிள் இன்னும் வேலை செய்கிறது, ஐயா. சந்தா நின்றால் மறுநாளே கதவு மூடிவிடும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

கடம்88:
இருவரும் இதற்குத் தனி இழை தொடங்கலாம். தம்புரா, உங்களுக்கு என் யோசனை இதுதான்: இந்த ஒரு படத்துக்காக மட்டும் தேவைப்பட்டால் மாதச் சந்தா எடுத்து, அதைப் புதிய விண்டோஸ் 11 கணினியில் நிறுவுங்கள். பழைய கணினியையும் அதிலுள்ள 2018 பதிப்பையும் தொடாதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டதால் அதை இணையத்தில் இணைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். உரிமங்களை வைத்திருக்கும் ஐலாக்கில் உள்ள பழைய ப்ரோ டூல்ஸ் உரிமம் உங்களுடையதுதான். சந்தா முடியும் முன் ஒவ்வொரு ட்ராக்கையும் செஷனின் தொடக்கத்திலிருந்தே தனித்தனி வேவ் ஒலிக்கோப்பாக எடுத்து, டெம்போ (இசையின் வேகம்), சாம்பிள் ரேட் (நொடிக்கு எடுக்கும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை) விவரங்களை அதே ஃபோல்டரில் எழுதி வையுங்கள். நாளை ரீப்பருக்கே போனாலும் அந்தக் கோப்புகள் திறக்கும்.

தம்புரா_அறை:
முதல் ரீல் பழைய பதிப்பிலேயே திறந்தது. நான்கு ப்ளகின்கள் மட்டும் இல்லை, அண்ணன் அவற்றை ஆடியோவாக மாற்றித் தருவதாகச் சொல்லிவிட்டார். தள்ளுபடியை விட்டுவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

வீணைத்தந்தி:
மகிழ்ச்சி. அவர் செஷனை 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில்தான் அனுப்புகிறாரா என்பதையும் இன்றே கேட்டுவிடுங்கள்.