ஏழு பேரோட கொல்லிமலை: ஆட்டோமேட்டிக் எர்டிகா ஏறுமா, உருளுமா?

தினேஷ்_ராசிபுரம்:
"ஆட்டோமேட்டிக்ல ஏழு பேரை ஏத்திட்டு கொல்லிமலை போனா, கொண்டை ஊசியில நின்னு எடுக்கும்போது வண்டி பின்னாடி உருளும். குடும்பஸ்தன் எடுக்கிற வண்டியா அது?" நேத்து இன்னொரு பதிவுல கியர்மன்னன் அண்ணன் போட்டது இது. எங்கப்பா அதைப் படிச்சிட்டு மாருதி எர்டிகா (ஏழு சீட் கார்) புக்கிங்கையே நிறுத்தச் சொல்லிட்டாரு. வீட்ல ஏழு பேரு. ஓட்டுறது நானும் என் வீட்டுக்காரியும். 15 லட்சத்துக்கு மேல ஒரு ரூபா முடியாது. எந்த வண்டி எங்க உருண்டுச்சுன்னு சொல்லிட்டுப் பேசுங்கண்ணா. சும்மா பீதியைக் கிளப்பாதீங்க.

கியர்மன்னன்_நாமக்கல்:
பீதியா? அடிவாரத்துல காரவள்ளி தாண்டினா 70 கொண்டை ஊசி தம்பி. மேல இருந்து பஸ் இறங்கினா நீ வளைவுல நின்னுதான் ஆகணும். நின்னுட்டு எடுக்கும்போது பிரேக்ல இருக்கிற காலு ஆக்சிலரேட்டருக்குப் போற நேரத்துல வண்டி உருளும். மேனுவல்காரன் ஹாஃப் கிளட்ச்ல பிடிச்சு நிறுத்துவான். கிளட்சே இல்லாதவன் எதைப் பிடிப்பான், சாமி படத்தையா? என் மச்சான் வண்டி உருண்டதைப் பக்கத்து சீட்ல உக்காந்து பார்த்தவன் நான்.

சுமதி_ஓமலூர்:
மச்சான் வண்டி என்ன வண்டிங்க?

கியர்மன்னன்_நாமக்கல்:
கம்பெனி பேரெல்லாம் எதுக்கு. ஆட்டோமேட்டிக். உருண்டுச்சு. அவ்ளோதான்.

பாஸ்கர்_சூரமங்கலம்:
ஒரு நிமிஷம். ஆட்டோமேட்டிக்னா எதைச் சொல்றீங்க? ஏஎம்டின்னு ஒரு வகை இருக்கு, உள்ள சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்ச் மிதிக்கிறதையும் கியர் மாத்துறதையும் மெஷின் பண்ணும். பிரேக்கை விட்டதும் கிளட்ச் உடனே பிடிக்காது, ஹில் ஹோல்ட் (ஏத்தத்துல தானா பிரேக்கைப் பிடிக்கிற வசதி) இல்லைன்னா ஏத்தத்துல உருளத்தான் செய்யும். எர்டிகாவில இருக்கிறது டார்க் கன்வெர்ட்டர், கிளட்சுக்குப் பதிலா ஆயில் வழியா இழுவையைக் கடத்துறது. 2022ல இருந்து 6 கியர், அதுக்கு முன்னாடி 4 கியர். டிரைவ்ல போட்டு பிரேக்கை விட்டாலே ஆயில் அழுத்தத்துல மெதுவா முன்னாடி நகரப் பார்க்கும். செங்குத்தா இருந்தாலும் ஹில் ஹோல்ட் ரெண்டு செகண்ட் பிரேக்கைப் பிடிச்சு வெச்சிருக்கும். ஏஎம்டியும் இதுவும் ஒண்ணு கிடையாது. முதல்ல அதைப் பிரிச்சுக்கிட்டுப் பேசலாமே.

கியர்மன்னன்_நாமக்கல்:
சார், நான் கேட்டது பாடம் இல்ல. உருண்டுச்சா இல்லையா? உருண்டுச்சு.

சுமதி_ஓமலூர்:
உங்க மச்சான் ஓட்டினா தேரும் உருளும். நான் எர்டிகா ஆட்டோமேட்டிக்தான் வெச்சிருக்கேன். மாமனார், மாமியார், நாத்தனார் குடும்பம்னு வண்டி நிறைய ஆளோட அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போயிட்டு வந்தோம். ஒரு இடத்துலயும் உருளல. எங்களுக்கு முன்னாடி போன மேனுவல் வண்டிதான் கிளட்ச் பிளேட் கருகி, வளைவு பூரா ஒரே நாத்தம். கல்லைத் தூக்கிட்டு ஓடி சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தாங்க.

கியர்மன்னன்_நாமக்கல்:
அது ஓட்டத் தெரியாதவன் பண்ணினது. வண்டி மேல பழி போடாதம்மா.

சுமதி_ஓமலூர்:
அப்ப உங்க மச்சான் மட்டும் ஓட்டத் தெரிஞ்சவரா? அவரு உருட்டினா வண்டி மேல பழி, மத்தவங்க கருக்கினா டிரைவர் மேல பழியா? அப்புறம் அந்த 'ம்மா' வேண்டாம். அக்கான்னு கூப்பிடுங்க, இல்ல பேரைச் சொல்லுங்க.

ஹைபிரிட்_ஹரி:
இதுக்கெல்லாம் சண்டை எதுக்கு? டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட் (பெட்ரோல் இன்ஜினும் கரண்ட் மோட்டாரும் சேர்ந்தது) எடுங்க. கியர்பாக்ஸுக்கு இ-சிவிடின்னு பேருதான், சாதாரண சிவிடி மாதிரி பெல்ட்டும் கிடையாது, புல்லியும் கிடையாது. ரெண்டு மோட்டாரும் ஒரு பிளானட்டரி கியரும்தான். நின்ன இடத்துல இருந்து மோட்டாரே இழுக்கும். கம்பெனி சொல்ற மைலேஜ் லிட்டருக்கு 23.24 கிலோமீட்டர். எங்க வீட்ல சத்தமே இல்லாம மலை ஏறுது.

தினேஷ்_ராசிபுரம்:
ஹரி சார், 15 லட்சம்னு மேல எழுதியிருக்கேன். மீதியை நீங்க போடுறீங்களா?

கியர்மன்னன்_நாமக்கல்:
முப்பது லட்சத்தைக் கொட்டி முன் சக்கரம் இழுக்கிற இன்னோவாவா! இன்னோவான்னா லாரி மாதிரி தனி சேசிஸ் மேல நிக்கணும், பின் சக்கரம் தள்ளணும். குவாலிஸ் காலத்துல இருந்து பார்த்துட்டு இருக்கேன். 2023ல பழைய இன்னோவா கிரிஸ்டா டீசலைத் திரும்பக் கொண்டுவந்தப்போ டொயோட்டாக்காரனே 5 கியர் மேனுவல் மட்டும்தான் விட்டான். ஏன்? உருளும்னு அவனுக்கே தெரியும்.

ஹைபிரிட்_ஹரி:
அதே டொயோட்டா ஹைகிராஸ்ல மேனுவலே விடல. அது ஏன்ணா? கருகும்னு தெரிஞ்சதாலயா?

கியர்மன்னன்_நாமக்கல்:
போன மழைக்கு நைட்ரஜன் காத்து அடிச்சா டயர் தேயாதுன்னு எழுதினவர்தானே நீங்க? உங்ககிட்ட என்ன பேச.

ஹைபிரிட்_ஹரி:
டயர் 'கம்மியா' தேயும்னு எழுதினேன். தேயாதுன்னு எழுதல. அந்தப் பதிவை எடுத்துப் போடவா?

மணி_டிராவல்ஸ்:
நான் வாடகைக்கு ஓட்டுறவன். எர்டிகா சிஎன்ஜி (கேஸ்ல ஓடுறது), மேனுவல். சிஎன்ஜியில ஆட்டோமேட்டிக் வராது, அதைத் தெரிஞ்சுக்கோங்க. ஒரு கிலோ கேஸுக்கு 26 கிலோமீட்டர்னு கம்பெனி சொல்றான், ரோட்டுல அதுக்குக் கொஞ்சம் கம்மி. ஆனா ஏழு பேரு ஏறினா பெட்டி வைக்க டிக்கி கிடையாது, சிலிண்டர் உக்காந்திருக்கும். மலைக்கு சிஎன்ஜியில ஏத்தாதீங்க, பெட்ரோலுக்கு மாத்திட்டு ஏத்துங்க. அப்புறம் எல்லாரும் ஏத்தத்தையே பேசுறீங்க, இறக்கத்தை ஒருத்தரும் பேசல. டிரைவ்லயே போட்டு பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கினா பிரேக் காய்ஞ்சு பிடிக்காமப் போயிடும். எந்த வண்டியா இருந்தாலும் கியரைக் குறைச்சுக்கிட்டு இறங்கணும்.

சுமதி_ஓமலூர்:
ஸ்டீயரிங் பின்னாடி பேடில் இருக்கு மணி அண்ணா, இடது கையால தட்டினா கியர் குறையும். நான் ரெண்டாவதுலயே விட்டுத்தான் இறக்கினேன்.

கியர்மன்னன்_நாமக்கல்:
இறக்கம் அப்புறம். ஏத்தத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல. எர்டிகாவோட முழு டார்க் (இன்ஜினோட இழுவை) 140 நியூட்டன் மீட்டருக்குள்ளதான். அதுவும் இன்ஜின் 4000 ஆர்பிஎம்முக்கு மேல சுத்தினாத்தான். கிரிஸ்டாவுக்கு 343, 1400லயே கிடைக்கும். ஏழு பேரை வெச்சு நின்னு எடுக்க எது இழுக்கும்? பெட்ரோல் ஆட்டோமேட்டிக் முக்கும், முனகும், உருளும்.

பாஸ்கர்_சூரமங்கலம்:
அது இன்ஜின் வித்தியாசம் சார், கியர்பாக்ஸ் வித்தியாசம் இல்ல. எர்டிகா மேனுவலுக்கும் அதே டார்க்தான். நின்ன இடத்துல இருந்து கிளம்பும்போது டார்க் கன்வெர்ட்டர் இழுவையைக் கூட்டித்தான் கொடுக்கும், மேனுவல் கிளட்ச் அதைச் செய்யாது. பயப்படணும்னா ஊர்ந்து ஊர்ந்து ஏறும்போது சூடாகிற உலர் கிளட்ச் டிசிடிக்கு (ரெட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) பயப்படலாம். தினேஷ் கேட்டது அது இல்ல.

கியர்மன்னன்_நாமக்கல்:
கியர்பாக்ஸுக்கு எத்தனை பேரு வெச்சாலும் உருளறது உருளும்.

மணி_டிராவல்ஸ்:
அண்ணா, சண்டையில ஒண்ணு சொல்லிக்கிறேன். நீங்க முதல்ல எழுதினதே தப்பு. பஸ் இறங்குதுன்னா ஏறுறவன் ஏன் நிக்கணும்? வழி குறுகலா இருந்தா இறங்குறவன்தான் ஒதுங்கி வழி விடணும், ஏறுற வண்டிக்குத்தான் முன்னுரிமை. விதியே அதுதான்.

கியர்மன்னன்_நாமக்கல்:
விதியை பஸ் டிரைவர்கிட்ட போய்ச் சொல்லு. லாரி ஓட்டின குடும்பம்யா எங்களுது. எனக்கு வழி சொல்லித் தர்றியா?

மணி_டிராவல்ஸ்:
நானும் பதினெட்டு வயசுல ஸ்டீயரிங் பிடிச்சவன்தான். குடும்பப் பெருமையை வெச்சு வண்டி ஏறாது.

தினேஷ்_ராசிபுரம்:
அண்ணன்மாரே, அப்பா இதையெல்லாம் படிச்சிட்டு இருக்காரு. இப்ப "பாஸ்கர் சொல்ற உலர் கிளட்ச் நம்ம வண்டியில இருக்கா"ன்னு கேக்குறாரு.

பாஸ்கர்_சூரமங்கலம்:
இல்லைன்னு சொல்லுங்க. எர்டிகாவில கிடையாது.

கியர்மன்னன்_நாமக்கல்:
அப்பாகிட்ட நான் பேசுறேன், நம்பரைத் தனியா அனுப்பு தம்பி. 2020க்கு முன்னாடி வந்த எர்டிகா டீசல் மேனுவல் ஒண்ணு ராசிபுரத்துலயே விலைக்கு நிக்குது. இப்ப எர்டிகாவில புதுசா டீசல் எங்க வருது? நல்ல வண்டி, ஒரே ஓனர் கை.

சுமதி_ஓமலூர்:
ஓஹோ, விஷயம் இதுதானா! எத்தனை பர்சென்ட் கமிஷன்?

கியர்மன்னன்_நாமக்கல்:
கமிஷன் வாங்கிப் பொழைக்கிற நிலைமையில நான் இல்ல சுமதி அக்கா. என் சித்தப்பா பையன் வண்டி அது.

ஹைபிரிட்_ஹரி:
மச்சான் வண்டி உருளும், சித்தப்பா பையன் வண்டி மட்டும் ஏறுமாம். நைட்ரஜன் பதிவைத் தேடி எடுத்துட்டேன், கீழ போடுறேன், எல்லாரும் படிங்க.

கியர்மன்னன்_நாமக்கல்:
போடு. அதுக்கும் பதில் வெச்சிருக்கேன்.