இன்கோனெல் கிரைண்டிங்கில் நீலக்கறை, வீலும் அடைக்கிறது – அவசரம்

குறுமுனை: சர்ஃபேஸ் கிரைண்டரில் இன்கோனெல் (நிக்கல் கலப்புலோகம்) ஓட்டுகிறேன். ஸ்டீலுக்குப் போடும் அதே செட்டிங்தான். இரண்டு மூன்று பாஸிலேயே வீல் பளபளத்துவிடுகிறது, பீஸில் நீலமும் பழுப்புமாகக் கறை. டைமண்டால் வீல் முகத்தைச் சீவி டிரெஸ் செய்தால் கொஞ்ச நேரம் சரி, அப்புறம் பழைய கதை. என்ன வீல் வாங்கலாம்? நாளைக்குள் கொடுக்க வேண்டும்.

மைக்ரான்: இன்கோனெல் 625-ஆ, 718-ஆ? ஏஜிங் (கடினமாக்கும் வெப்பச் சிகிச்சை) முடிந்ததா? வீலில் அச்சிட்டிருப்பதை அப்படியே எழுதுங்கள். கூலன்ட் உண்டா? மேக்னெட்டிக் சக் இதைப் பிடிக்காதே, எதில் பிடித்திருக்கிறீர்கள்?

பழையகை: தம்பி, 'ஸ்டீலுக்குப் போடும் அதே செட்டிங்' என்று எழுதினீர்களே, அதுதான் நோய். 718-இன் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 11 வாட், சாதா ஸ்டீலுக்கு 50 பக்கம். சூடு வெட்டும் இடத்திலேயே தங்கிவிடும். இதுகூடத் தெரியாமல் ஏரோஸ்பேஸ் வேலை எடுக்கிறார்கள்.

குறுமுனை: 718, ஏஜிங் ஆனது. வைஸில் பிடித்திருக்கிறேன். வொயிட் அலுமினா வீல், 60 கிரிட், கே கிரேடு. கூலன்ட் உண்டு.

பொறி: கே இதற்குக் கெட்டி. மழுங்கிய துகள் உதிராமல் வெட்டுவதற்குப் பதில் தேய்க்கிறது. அதைவிட மென்மையான ஹெச் அல்லது ஐ கிரேடு, துளை அதிகமுள்ளதாகப் பாருங்கள். டைமண்டை மெதுவாக நகர்த்தினால் வீல் முகம் வழவழத்துவிடும். வேகமாக இழுங்கள், சொரசொரப்பாக இருக்கட்டும்.

சூடுதணியான்: இதெல்லாம் எதற்கு? சிபிஎன் (கியூபிக் போரான் நைட்ரைடு) வீல் போட்டால் முடிந்தது.

பழையகை: தண்ணீர் கூலன்ட்டில் சிபிஎன்னா? சூட்டில் நீராவி அதை அரிக்கும். தண்ணீர் கலக்காத நீட் ஆயில் வேண்டும்.

சூடுதணியான்: நாங்கள் எமல்ஷனில்தான் (தண்ணீரில் எண்ணெய் கலந்தது) ஓட்டுகிறோம், ஒன்றும் ஆகவில்லை.

பழையகை: ஓடும். ஆயிலில் எவ்வளவு உழைக்கும் என்று பார்த்ததுண்டா?

பொறி: ஆயில் என்றால் புகை, தீ, மூடிய மெஷின். அவரிடம் இருப்பது சாதா சர்ஃபேஸ் கிரைண்டர், சார்.

மைக்ரான்: சண்டைக்கு நடுவில் ஒன்று. கறையைக் கடைசி பாஸில் எடுத்துவிட்டால் பீஸ் நல்லதாகிவிடாது. நிறம் போனாலும் அடியில் இழுவிசைத் தகைவு தங்கியிருக்கலாம், நுண்விரிசலும் இருக்கலாம். இன்ஜினில் சுழலும் பாகம் என்றால் களைப்பு விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். கறை வந்தவற்றைத் தனியாக வைத்து, குவாலிட்டியிடம் சொல்லி அமிலத்தில் எட்ச் செய்து பாருங்கள்.

குறுமுனை: கூலன்ட் நாசில் வீலின் பாதுகாப்பு மூடியைப் பார்த்து இருந்தது. தொடும் இடத்துக்குத் திருப்பினேன், டிரெஸ்ஸிங்கும் வேகமாக. இப்போது கறை இல்லை. ஐ கிரேடு ஆர்டர் போட்டாச்சு. நன்றி.

மைக்ரான்: நல்லது. முதலில் கறை வந்த பீஸ்கள் எங்கே?

சூடுதணியான்: எமல்ஷன் செறிவு எவ்வளவு என்று யாருமே கேட்கவில்லை பாருங்கள்.

மைக்ரான்: குறுமுனை, அந்த பீஸ்கள்?